காலம் தவறிப் பெய்யும் பனி

2024-ஆம் ஆண்டு ஜனவரி மாத நடுவில் குல்மார்க்கிலிருந்து வந்த புகைப்படங்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன. வழக்கமாக அந்த நாள்களில் முழங்காலுக்கு மேல் வெண்பனி மூடியிருக்கும் அந்தப் புல்வெளி, காய்ந்த பழுப்பு நிறத்தில் வெறுமையாகக் கிடந்தது. பனிச்சறுக்கு விளையாட வந்தவர்கள் வெயிலில் உலாவிவிட்டுத் திரும்பினர். ஜனவரியின் இறுதி நாள்களில்தான் பனிப்பொழிவு தொடங்கியது. பிப்ரவரியில் பனி போதிய அளவில் சேர்ந்தது. அந்த மாதம் 21 முதல் 25 வரை கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளும் அங்கே நடைபெற்றன.

அடுத்த ஆண்டும் ஏறத்தாழ இதே கதைதான். 2024 டிசம்பர் இறுதியில் காஷ்மீரில் நல்ல பனி பெய்தது. ஆனால், 2025 ஜனவரி பெரும்பாலும் வறண்டே கழிந்தது. பிப்ரவரி 22 அன்று தொடங்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள், சறுக்குச் சரிவுகளில் போதிய பனி இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாதக் கடைசியில் கனத்த பனிப்பொழிவு வந்தது. போட்டிகள் மார்ச் 9 முதல் 12 வரை நடந்து முடிந்தன.

"தாமதமாகவேனும் பனி வந்துவிட்டதே, போட்டிகளும் நடந்துவிட்டனவே, பிறகு என்ன கவலை?" என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பருவம் முடிந்த பின்னர் மொத்தக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு ஓர் ஆண்டுக்கும் மற்றோர் ஆண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாமலே போகலாம். ஆனால், மொத்தக் கணக்கு உண்மையை மறைத்துவிடும் இடங்களுள் இதுவும் ஒன்று.

பொருளியலில் ஒரு கருத்து உண்டு. பிரெஞ்சுப் பொருளியல் அறிஞர் ஜெரார் டெப்ரூ 1959-இல் வெளியிட்ட 'மதிப்புக் கோட்பாடு' என்ற நூலில் அதைத் திட்டவட்டமாக வரையறுத்தார். ஒரு பண்டம் என்பது அதன் தன்மையால் மட்டும் அறியப்படுவதன்று. அது எந்த இடத்தில், எந்த நாளில் கிடைக்கிறது என்பதும் சேர்ந்ததே பண்டம். இன்று இங்கே கிடைக்கும் ஒரு மூட்டை நெல்லும், ஆறு மாதம் கழித்து வேறோர் ஊரில் கிடைக்கும் ஒரு மூட்டை நெல்லும் ஒரே பண்டம் அல்ல. அவற்றின் விலைகளும் வெவ்வேறு. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம், ஏதோ ஏட்டுச் சுரைக்காய் என்றே அவர்கள் முகம் சொல்லும். ஆனால், 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற உழவர் வாக்கு காலங்காலமாகச் சொல்லிவருவதும் இதையேதான்.

பனியும் அப்படிப்பட்ட பண்டமே. ஜனவரியில் குல்மார்க்கில் பெய்யும் ஒரு அடிப் பனியும், மார்ச்சில் பெய்யும் ஒரு அடிப் பனியும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் 'பனி' என்பது மார்கழி விடியலில் புல்லின் மேல் படியும் துளியையும் குறிக்கும், மூடுபனியையும் குறிக்கும், வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் வெண்பனியையும் குறிக்கும். இக்கட்டுரையில் பேசப்படுவது காஷ்மீரிகள் 'ஷீன்' என்று அழைக்கும் அந்த வெண்பனி.

குல்மார்க், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், பாரமுல்லா மாவட்டத்தில், பீர் பாஞ்சால் மலைத்தொடரின் சரிவில் கிண்ணம்போல் குழிந்து அமைந்த புல்வெளி. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். ஆங்கிலேயர் காலத்தில், 1927-இல், இந்தியப் பனிச்சறுக்குக் கழகம் இங்கேதான் தொடங்கப்பட்டது. இன்று இவ்விடத்தின் புகழுக்குக் காரணம் 'கோண்டோலா' எனப்படும் கேபிள் கார். அதன் முதல் கட்டம் 1998-இல் இயங்கத் தொடங்கியது. அது பயணிகளைச் சுமார் 3,080 மீட்டர் உயரத்திலுள்ள கொங்தூரிக்குக் கொண்டு செல்கிறது. 2005-இல் திறக்கப்பட்ட இரண்டாம் கட்டம், அஃபர்வத் சிகரத்தின் தோளில், 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து சறுக்கிக்கொண்டே கீழிறங்கும் நெடிய சரிவுகளுக்காகவே உலகெங்கிலுமிருந்து வீரர்கள் வருகின்றனர்.

இந்த மலைக்குப் பனியைக் கொண்டு வருவது நாம் அறிந்த தென்மேற்குப் பருவமழையோ வடகிழக்குப் பருவமழையோ அல்ல. மத்தியதரைக் கடல் பகுதியிலும் அதையொட்டிய நிலப்பரப்பிலும் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள், வானின் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து ஓடும் ஜெட் காற்றோட்டத்தில் மிதந்துகொண்டு, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயமலையை வந்தடைகின்றன. வானிலை ஆய்வாளர்கள் இவற்றை 'மேற்கத்திய இடையூறுகள்' என்பர். குளிர்காலத்தில் மாதத்திற்கு நான்கு முதல் ஆறு வரை இவை வருவது வழக்கம். வழியில் மத்தியதரைக் கடல், காஸ்பியன் கடல், அரபிக் கடல் ஆகியவற்றிலிருந்து இவை ஈரத்தைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்த ஈரக்காற்று பீர் பாஞ்சாலில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, பனியாகப் பொழிகிறது.

இடையூறு என்று பெயர் பெற்றிருந்தாலும் வட இந்தியாவின் கோதுமைக்கும் காஷ்மீரத்தின் பனிக்கும் இதுவே உயிர்நாடி. ஆனால், இதில் நிச்சயமின்மை அதிகம். ஜெட் காற்றோட்டம் சற்று வடக்கே விலகினாலும், வரும் தாழ்வுகள் வலுவிழந்து வந்தாலும், வாரக்கணக்கில் வானம் தெளிந்தே இருக்கும். 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் நடந்தது இதுதான். வலுவான மேற்கத்திய இடையூறுகள் வராததே வறட்சிக்கு முதன்மைக் காரணம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அப்போது விளக்கியது. பசிபிக் பெருங்கடலில் எல் நினோ நிலவிய குளிர்காலமும் அதுவே.

காஷ்மீரிகள் தங்கள் குளிர்காலத்தை மூன்றாகப் பிரித்துப் பெயரிட்டுள்ளனர். டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரையிலான நாற்பது நாள் கடுங்குளிர், 'சில்லை கலான்'. அதன்பின் இருபது நாள், 'சில்லை குர்து'. அதையடுத்துப் பத்து நாள், 'சில்லை பச்சா'. பெரிய குளிர், சிறிய குளிர், குழந்தைக் குளிர் என்று பொருள் கொள்ளலாம். இம்மூன்றிலும் பெரிய குளிரில் பெய்யும் பனியையே அம்மக்கள் செல்வமாக மதிக்கின்றனர். அந்த நாற்பது நாள்களின் பனிதான் கோடையின் தண்ணீரைத் தீர்மானிக்கும் என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டறிந்த உண்மை. அதற்குப் பின்னால் தெளிவான இயற்பியல் இருக்கிறது.

டிசம்பர் இறுதியில் குல்மார்க்கில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 33 பாகை உயரத்தில்தான் நிற்கும். மார்ச் மூன்றாம் வாரத்தில் அது 56 பாகைக்கு ஏறிவிடும். பகலும் நீண்டுவிடும். புதிதாகப் பெய்த பனி தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கும் மேல் திருப்பியனுப்பிவிடும். அதனால் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பனியில்லாத வெற்று நிலமோ ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிச் சூடேறும். எனவே, ஜனவரியில் சரியான நேரத்தில் விழுந்த பனி, அடுத்து வரும் பனிக்கும் மெத்தையாகிறது. அது வாரக்கணக்கில் அமுங்கி, இறுகி, அடர்ந்து, மே மாதம் வரை மலையில் தங்கும். மார்ச்சில் சூடேறிய நிலத்தின்மேல் விழும் பனிக்கு இந்த அவகாசம் இல்லை. அது ஈரம் மிகுந்ததாய் விழுந்து, சில நாள்களிலேயே உருகி ஓடிவிடும்.

இதைச் சேமிப்புக் கணக்கோடு ஒப்பிடலாம். ஜனவரிப் பனி வைப்புத்தொகை. முதிர்ந்த பின்னரே கைக்கு வரும். மார்ச்சுப் பனி, போட்ட மறுநாளே எடுத்துச் செலவழிக்கப்படும் பணம். புதுப் பனியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. அப்படியானால், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெய்த புதுப் பனியில் சுமார் பத்துக் கோடி லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அணை கட்டாமல், நிலம் கையகப்படுத்தாமல், இயற்கை தேக்கித் தரும் தண்ணீர் இது. அந்தத் தேக்கம் ஏப்ரலிலேயே வடிந்துவிடுமா, ஜூன் வரை நிற்குமா என்பதே பள்ளத்தாக்கு உழவரின் கேள்வி. மே இறுதியிலும் ஜூனிலும் காஷ்மீரத்தில் நெல் நாற்று நடவு நடக்கும். ஜீலம் ஆற்றுக்கும் அதன் கிளை ஓடைகளுக்கும் அப்போது கைகொடுப்பது உருகும் பனிதான்.

நாட்டின் ஆப்பிள் விளைச்சலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஜம்மு-காஷ்மீரிலிருந்து வருகிறது. ஆப்பிள் மரத்துக்குக் குளிர்கால உறக்கம் தேவை. போதிய மணி நேரம் குளிரில் இருந்தால்தான் அது ஒழுங்காகப் பூக்கும். குளிர்காலம் வெயிலாகக் கழிந்தால் மரம் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். அப்படி விழித்த மொட்டின்மேல் தாமதமாக வரும் பனியும் உறைகுளிரும் விழுந்தால் விளைச்சல் பாழாகும். ஜனவரியில் வரமாக இருந்திருக்கக் கூடிய அதே பனி, ஏப்ரலில் சாபமாக மாறுகிறது.

இது குல்மார்க்கின் தனிக்கதையும் அல்ல. காத்மாண்டுவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம், இந்துகுஷ்-இமயமலைப் பகுதி முழுவதிலும் பனி நிலத்தில் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதை ஆண்டுதோறும் செயற்கைக்கோள் வழியே கணக்கிடுகிறது. 2024 நவம்பர் முதல் 2025 மார்ச் வரையிலான பருவத்தில் அது இயல்பைவிட 23.6 சதவீதம் குறைவாக இருந்தது; 23 ஆண்டுகளில் மிகக் குறைந்த அளவு அதுவே. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இயல்புக்கும் கீழே இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. அந்த மையம் அளப்பது பெய்த பனியை அல்ல, தங்கிய பனியை. கோடையில் பயன் தருவது அதுதான்.

காலம் தவறிய பனியில் உயிருக்கு ஆபத்தும் உண்டு. பருவத் தொடக்கத்தில் சிறிதளவு பனி விழுந்து, பின்னர் வாரக்கணக்கில் தெளிந்த, கடுங்குளிரான இரவுகள் தொடர்ந்தால், அந்த மெல்லிய பனிப்படலத்தின் அடிப்பகுதிக்கும் மேற்பகுதிக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு மிகும். அதனால் பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் கற்கண்டுபோல் மாறிவிடும். அதன்மேல் திடீரென்று மூன்று நான்கு அடிப் பனி கொட்டினால், வலுவற்ற அடித்தளத்தின்மேல் கனத்த பலகையை வைத்தது போலாகும். ஒரு சறுக்கு வீரரின் எடையே அதைப் பெயர்க்கப் போதும். பனிச்சரிவு ஏற்படுவது பெரும்பாலும் இப்படித்தான். 2024 பிப்ரவரி 22 அன்று, விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த அதே நாள்களில், குல்மார்க்கின் மேற்சரிவுகளில் ஏற்பட்ட பனிச்சரிவில் ரஷிய நாட்டு வீரர் ஒருவர் உயிரிழந்தார். நீண்ட வறட்சிக்குப் பின் வரும் பெரும்பனி, காத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டமாகத் தெரியும் நேரமே மலை மிகவும் ஆபத்தாக இருக்கும் நேரமுமாகும்.

இனிச் சந்தைக்கு வருவோம். பனியின் வரவு தள்ளிப்போகலாம்; பயணியின் வரவு தள்ளிப்போகாது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை நாள்கள் மாறுவதில்லை. வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் ஜனவரி, பிப்ரவரிக்கு மாதங்களுக்கு முன்பே விமானச் சீட்டும் அறையும் பதிவு செய்கின்றனர். மார்ச்சில் நம் நாட்டுப் பள்ளிகளில் தேர்வுகள். குடும்பங்கள் வெளியே கிளம்பா. ஆகவே, ஜனவரியில் ஆள் இருக்கும்போது பனி இல்லை. மார்ச்சில் பனி இருக்கும்போது ஆள் இல்லை. அளிப்பும் தேவையும் ஒரே சந்தைக்கு வெவ்வேறு நாளில் வந்து, ஒன்றையொன்று காணாமலே திரும்பிப் போகின்றன.

இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. இங்கே 'இடம்' என்ற கூறு குறுக்கிடுகிறது. காற்றின் வெப்பநிலை ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். எனவே, வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், மழை பனியாக மாறும் எல்லைக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே நகரும். கேபிள் காரின் உச்சி நிலையத்தில் பனி இருக்கும்போதே அடிவாரப் புல்வெளி வறண்டு கிடப்பது இதனால்தான். அடிவாரத்தில் பனி இல்லாத நாளில், பனியைக் காண வந்த பயணி என்ன செய்வார்? கேபிள் காரில் ஏறி மேலே போவார். 2023-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயணம் செய்தனர். மேலே பனி எஞ்சியிருக்கும் வரை அதன் வருவாய்க்குப் பெரிய குறை வராது.

அடிவாரத்தில் இருப்பவர் நிலை வேறு. 'ஸ்லெட்ஜ்' எனப்படும் மரப் பலகை வண்டியில் பயணியை அமர்த்திக் கயிறு கட்டிப் பனியில் இழுத்துச் செல்லும் தொழிலாளி, சறுக்கக் கற்றுத்தரும் உள்ளூர் இளைஞர், பூட்சும் மேலங்கியும் வாடகைக்குத் தரும் சிறு கடைக்காரர் ஆகியோரின் பிழைப்பு அடிவாரப் பனியை நம்பியது. அவர்கள் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து நடந்தோ பகிர்வு வண்டியிலோ வருபவர்கள். ஒரு குளிர்காலத்தில் அவர்களுக்கு வேலை தரும் நாள்கள் தொண்ணூறு என்று கொள்வோம். சில்லை கலானின் நாற்பது நாளும் பனியின்றிப் போனால், ஆண்டு வருமானத்தின் முதன்மையான பகுதியில் ஏறத்தாழ பாதி போய்விடுகிறது. மார்ச்சில் வரும் பனியால் அதை ஈடுசெய்ய முடியாது. அப்போது வண்டியில் அமர ஆள் இல்லை. விடுதி உரிமையாளர் முன்பணத்தைத் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். அவருக்கு வங்கிக் கடனும் கிடைக்கும். இழுவண்டிக்காரரிடம் அடமானம் வைக்க வண்டியைத் தவிர வேறேதும் இல்லை. வானிலை இடர் மலையின் உச்சியில் பிறந்தாலும், தண்ணீரைப் போலவே கீழ்நோக்கி ஓடி, மிகத் தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது.

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை நமக்கு முன்னரே இப்பாதையில் நடந்துள்ளது. அங்கே 'நூறு நாள் விதி' என்ற அளவுகோல் ஒன்று உண்டு. பனிச்சறுக்குத் தலம் ஒன்று தொழிலாக நிலைக்க வேண்டுமானால், ஓராண்டில் குறைந்தது நூறு நாளாவது 30 சென்டிமீட்டர் உயரப் பனி நிலத்தில் இருக்க வேண்டும். பத்துக் குளிர்காலங்களில் ஏழிலாவது அப்படி இருக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்ப்ஸின் 666 சறுக்குத் தலங்களில் 609 தலங்கள் இயற்கைப் பனியை நம்பத்தக்கவை என்றும், வெப்பநிலை இரண்டு பாகை உயர்ந்தால் அவை 404 ஆகவும், நான்கு பாகை உயர்ந்தால் 202 ஆகவும் குறையும் என்றும் கணித்தது. தாழ்ந்த தலங்களே முதலில் வீழும் என்பதும் அதன் முடிவு.

அவர்கள் கண்ட மாற்று, செயற்கைப் பனி. தண்ணீரை அழுத்தத்துடன் காற்றில் நுண்துளிகளாகப் பீய்ச்சி, நிலத்தை அடையும் முன் உறையச் செய்யும் இயந்திரங்கள் இப்போது ஆல்ப்ஸில் பரவலாகிவிட்டன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் ஏறக்குறைய முழுவதும் செயற்கைப் பனியிலேயே நடந்தன. குல்மார்க்கிலும் இதைப் பரவலாக்கலாமே என்ற யோசனை, ஒவ்வொரு வறண்ட ஜனவரியிலும் எழத்தான் செய்யும்.

வறண்ட, குளிர்ந்த இரவுகள் அந்த இயந்திரங்களுக்கு உகந்தவை என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் பரப்பில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்குச் செயற்கைப் பனி இட, குறைந்தது பத்து லட்சம் லிட்டர் தண்ணீர் தேவை. இருபது ஹெக்டேருக்கு இரண்டு கோடி லிட்டர். பனியில்லாத குளிர்காலத்தில் நீருற்றுகளும் ஓடைகளும் வற்றியிருக்கும். அப்போது அந்தத் தண்ணீரை எடுப்பது யாருடைய பங்கிலிருந்து? மின்சாரம் யாருடைய பங்கிலிருந்து? காற்றின் ஈரத்தையும் கணக்கில் கொள்ளும் ஈரக்குமிழ் வெப்பநிலை, சுழியத்துக்குக் கீழே இரண்டு பாகை வரையாவது இறங்காவிட்டால் இயந்திரம் பயனற்றது. வெப்பம் கூடக்கூட அத்தகைய மணி நேரங்கள் குறையும். ஐரோப்பாவின் 2,234 சறுக்குத் தலங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று, உலக வெப்பநிலை இரண்டு பாகை உயர்ந்தால் அவற்றில் 53 சதவீதம் மிகக் கடுமையான பனிப் பற்றாக்குறை இடருக்கு உள்ளாகும் என்றும், பாதிப் பரப்பில் செயற்கைப் பனி இட்டால்கூட 27 சதவீதம் உள்ளாகும் என்றும் கண்டது. போட்டி நடக்கும் ஒரு சரிவைக் காப்பாற்ற இது உதவலாம். ஒரு பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கணக்கை இது சரிசெய்யாது, மோசமாக்கவும் கூடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இரண்டு குளிர்காலங்களை வைத்துப் பருவநிலை மாற்றம் என்று தீர்ப்பெழுதிவிட முடியாது. குல்மார்க்கில் பனி குறைந்த ஆண்டுகள் முன்பும் இருந்ததுண்டு. இனி வரும் ஏதேனும் ஓர் ஆண்டில் ஜனவரியிலேயே பனி கொட்டித் தீர்க்கவும் கூடும். மேற்கத்திய இடையூறுகளின் எண்ணிக்கையும் வலிமையும் இனி எப்படி மாறும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால், இமயமலை வெப்பமடைந்து வருவதில் ஐயமில்லை; வெப்பமடைந்தால் பனி எல்லை மேலேறும், பனி விரைவில் உருகும் என்பதிலும் ஐயமில்லை. சராசரி எவ்வளவு குறையும் என்று தெரியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நிச்சயமின்மை கூடியிருக்கிறது என்பதே நடவடிக்கைக்குப் போதுமான காரணம்.

என்ன செய்யலாம்? முதலாவது, அளப்பது. இன்று அரசு பெருமையோடு வெளியிடுவது சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை. அதோடு, புல்வெளி, கொங்தூரி, அஃபர்வத் என்று மூன்று உயரங்களிலும் பனியின் உயரம் எவ்வளவு, அதில் அடங்கிய தண்ணீர் எவ்வளவு என்பதை நாள்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும். ஆல்ப்ஸில் பல சறுக்குத் தலங்கள் பனியின் உயரத்தை நாள்தோறும் வெளியிடுகின்றன. பயணிக்கும் உழவருக்கும் நீர்வளப் பொறியாளருக்கும் ஒருசேரப் பயன்படும் தகவல் இது. பொதுப் பண்டமான இத்தகவலைச் சந்தை தானாகத் தராது; அரசுதான் தர வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. மழை குறைந்தால், வயலை ஆய்வு செய்யாமலே, வானிலை நிலையத்தின் அளவை வைத்து இழப்பீடு தரும் வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதே முறையைப் பனிக்கும் விரிவாக்கலாம். சில்லை கலானின் நாற்பது நாளில் அடிவாரத்தில் 30 சென்டிமீட்டர் பனி நின்ற நாள்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே போனால், பதிவு பெற்ற ஒவ்வொரு தொழிலாளியின் கணக்கிலும் ஒரு தொகை தானாகச் சேர வேண்டும். இதற்கான பங்களிப்பில் ஒரு பகுதியைக் கேபிள் கார் கட்டணத்திலிருந்தே எடுக்கலாம். அடிவாரம் வறண்ட நாளிலும் வருவாய் ஈட்டும் இடம் அது. ஆனால், அளவுகோல் அடிவாரத்தில் இருக்க வேண்டும். சிகரத்தில் கருவியை வைத்துவிட்டு, "பனி இருக்கிறதே, இழப்பீடு எதற்கு?" என்று கேட்டால் திட்டம் கேலிக்கூத்தாகிவிடும்.

மூன்றாவது, நாள்காட்டியைத் தளர்த்துவது. விளையாட்டுப் போட்டிகளைக் குறிப்பிட்ட நாளுக்குக் கட்டிப்போடாமல், பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் நடு வரையிலான காலத்துக்குள் பனி அளவு எட்டியதும் நடத்துவது என்று முன்னரே அறிவிக்கலாம். சிறு தொழில்முனைவோரின் கடன் தவணையையும் நாளோடு கட்டாமல் பருவத்தோடு கட்டலாம். வேளாண் கடனில் இந்த நெறி நமக்குப் புதியதன்று.

நான்காவது, பாதுகாப்பு. வறட்சிக்குப் பின் பெரும்பனி வந்தவுடன் மேற்சரிவுகளைத் திறக்கச் சொல்லும் வணிக நெருக்கடி இயல்பானது. இழந்த நாள்களை மீட்கும் அவசரம் எல்லோருக்கும் இருக்கும். அந்த நாள்களில்தான் பனிச்சரிவு எச்சரிக்கைக்கு எவரும் விலக்குப் பெற முடியாத சட்ட வலிமை இருக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. மலையில் இன்னொரு விடுதித் தொகுப்பைக் கட்டும் செலவில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால், பனி என்பது பயணி படம் எடுத்துக்கொள்ளும் காட்சிப்பொருள் என்ற பார்வை மாற வேண்டும். பள்ளத்தாக்கின் குடிநீரும் நெல்லும் ஆப்பிளும், இழுவண்டிக்காரரின் ஒரு வருட அரிசியும் அந்த வெண்மைக்குள் இருக்கின்றன.

அடுத்த குளிர்காலத்தில் குல்மார்க்கில் பனி பெய்ததா என்று செய்தி வரும்போது, "எவ்வளவு பெய்தது?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. "எப்போது பெய்தது, எந்த உயரத்தில் பெய்தது, எத்தனை நாள் தங்கியது?" என்றும் கேட்க வேண்டும். மார்ச்சில் நிறைந்த பனியைக் காட்டி ஜனவரியின் வெறுமையை மறந்துவிட்டால், அந்த நாற்பது நாளும் வேலையின்றி நின்றவர்களையும் சேர்த்தே நாம் மறந்தவர்களாவோம்.